எஞ்சினுக்கு இரண்டு பாகம்

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகுக்காரர் இறங்குதளத்தில் படகைக் கட்டியபோது, அவர் பிடித்திருந்த மீன் வெளிநாட்டு மீனாகியிருந்தது. இரண்டு நாள் முன்பு அவர் கடலுக்குக் கிளம்பியபோது அங்கே இருந்ததெல்லாம் உள்நாட்டு மீன்தான்.

இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விஷயம் ஒன்றும் கடினமில்லை. இரண்டு நாடுகள் வணிக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், இவர்கள் சரக்கை அவர்களும் அவர்கள் சரக்கை இவர்களும் வரியில்லாமல் உள்ளே விட வேண்டும். உடனே ஒரு பயம் வருகிறது. மூன்றாவது நாட்டுக்காரன் ஒருவன் தன் சரக்குக்குக் கூட்டாளி நாட்டின் வேஷம் போட்டு உள்ளே தள்ளிவிட்டால்? அதனால் எந்தச் சரக்கானாலும் பிறப்பிடம் பார்க்கிறார்கள். நாற்காலிக்குப் பார்ப்பது சுலபம். மரம் எங்கே வளர்ந்தது, எங்கே இழைத்தார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும். மீனிடம் அது நடக்காது. வேலியில்லாத இடத்தில் பிறந்து, யாரிடமும் சொல்லாமல் அலைகிறது. ஆகவே மீனைப் பிடித்த படகைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். படகு எந்த நாட்டாருடையதோ, மீனும் அந்த நாட்டுடையது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. யோசிக்கத் தெரிந்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு.

இதற்குப் பிறகுதான் நம்முடைய பிறப்பிடச் சான்று இயக்ககம் வருகிறது.

ஒப்பந்தம் எல்லையைக் கடக்கும் சரக்கைப் பற்றித்தான் பேசியது. சொந்தக் கடலில் பிடித்துச் சொந்தத் துறையில் இறக்கும் மீனைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. அந்தக் குறையை இயக்ககம் தானாகவே நிவர்த்தி செய்தது. மீன் நீரிலிருந்து நிலத்துக்கு வருகிறது. எனவே ஓர் எல்லையைக் கடக்கிறது. எனவே சான்று வேண்டும். சான்றில்லாத மீன் வெளிநாட்டு மீன். கூட்டாளி நாட்டுக் கப்பல்களுக்கு மட்டும் இந்தச் சிரமம் இல்லை. அவற்றின் பெயர்கள் ஒப்பந்தத்தின் கடைசி இணைப்பில் அச்சாகியிருந்தன. அச்சான பெயரைச் சந்தேகிப்பது நட்புக்கு அழகில்லை என்று சுற்றறிக்கை போயிருந்தது.

படகுக்காரர் முதல் கூடையைத் தூக்கித் தளத்தில் வைக்கப்போனபோது வாயில் காவலர் ஓடிவந்தார். காவலர் வேறு யாருமில்லை, படகுக்காரரின் அக்கா மகன்.

“மாமா, மாமா! கீழ வைக்காதீங்க. வச்சா இறக்குமதி.”

“என்னடா உளர்ற?”

“நான் உளறல. நேத்து சாயங்காலம் படிச்சுக் காட்டினாங்க. படகுக்குள்ள இருக்கறவரைக்கும் மீன். தரையில பட்டா கடத்தல்.”

படகில் இருந்த மச்சான், அதாவது படகுக்காரரின் மனைவியின் தம்பி, கூடையின் இன்னொரு காதைப் பிடித்தபடியே கேட்டான்: “அப்போ நாங்க இதை அந்தரத்துல பிடிச்சுக்கிட்டே நிக்கணுமா?”

“திருப்பி உள்ள வைங்க மாமா. மாடியில மூணாவது தளம். சான்று வாங்கிட்டு வந்துடுங்க. அரை மணி நேர வேலைன்னு சொன்னாங்க.”

எதிர்ப்புற இறங்குதளத்தில், மீனைப் பிடித்து அங்கேயே பதப்படுத்தும் கூட்டாளி நாட்டின் ஆலைக் கப்பல் நின்றிருந்தது. நாற்பது படகு ஒரு வாரம் பிடிக்கும் மீன் அதன் வயிற்றிலிருந்து கன்வேயர் பட்டையில் ஏறி இடைவிடாமல் லாரிகளில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே காவலர் யாரும் ஓடவில்லை.

படகுக்காரர் ஐஸ் அறையைத் திறந்து பார்த்தார். சூரை மீனும் பாரை மீனும் தலை ஒரு பக்கமாக அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு ஐஸ் தூவியிருந்தது. ஒழுங்காக அடுக்கி, ஐஸ் குறையாமல் பார்த்துக்கொண்டால் மீன் ஐந்தாறு நாள் தாங்கும். இரண்டு நாள் கடலிலேயே போய்விட்டது. மீதி மூன்று நாள். அதற்குள் இது கரையேறியாக வேண்டும். அவருக்கு வேறு கவலை இல்லை.

“மூடி வை. யார் வந்து கேட்டாலும் திறக்காதே,” என்று மச்சானிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

மூன்றாவது தளத்தில் கதவைத் திறந்தவுடன் ஒரு நீளமான மேசை. அதன் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் நெகிழியாலான மீன் ஒன்று. அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே மீன் அதுதான். உதவியாளர் பதினாறு பக்கப் படிவத்தைக் கொடுத்தார். பதின்மூன்று கேள்விகள் வரை படகுக்காரர் தடங்கலில்லாமல் எழுதினார். பதினான்காவது கேள்வி: பிடிக்கப்படும் மீனின் பயன் யார் யாருக்கு, எந்த விகிதத்தில் செல்கிறது?

படகுக்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். உள்ளதை எழுதினார். மீன் வந்தால் பத்துப் பாகம் வைப்பார்கள். படகிலுள்ள நான்கு ஆட்களுக்கு ஆளுக்கொரு பாகம். படகுக்கு ஒரு பாகம். எஞ்சினுக்கு இரண்டு. வலைக்கு மூன்று.

கடல் தொழில் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வலை கிழியும், எஞ்சின் தேயும், படகின் பலகை உளுத்துப்போகும். கிழிந்த பிறகு கையேந்துவதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் அவற்றின் பாகத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதிகம் கெட்டுப்போவதற்கு அதிகம் பாகம். அதனால்தான் வலைக்கு மூன்று. இந்தப் பாகங்கள் படகுக்காரர் கையில்தான் இருக்கும். ஆனால் அவர் தொடமாட்டார். தொட்டால் அடுத்த மாதம் கடலுக்குப் போக முடியாது.

துணை இயக்குநர் பதினான்காம் கேள்வியின் பதிலை மூன்று முறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஒரு சதியைக் கண்டுபிடித்தவரின் மகிழ்ச்சியோடு நிமிர்ந்தார்.

“யார் இந்த எஞ்சின்?”

“சார்?”

“ரெண்டு பாகம் வாங்குதுன்னு எழுதியிருக்கீங்களே. எந்த நாடு அது?”

“கூட்டாளி நாட்டுல செஞ்சது சார். அங்கதான் நல்லா செய்யறாங்க.”

“வலை?”

“நூல் அங்கேருந்து வருது. முடிச்சு நாங்க போடறது.”

“முடிச்சை நான் கேக்கல.” துணை இயக்குநர் தாளில் கூட்டினார். “ரெண்டும் மூணும் அஞ்சு. பத்துக்கு அஞ்சு வெளிநாட்டார் கையில இருக்கு. பயன் யாருக்குப் போகுதோ அவர்தான் உரிமையாளர். விதி நாலு. உள்நாட்டுப் படகுன்னா பாதிக்கு மேல உள்நாட்டார்கிட்ட இருக்கணும். உங்ககிட்ட சரிபாதிதான் இருக்கு. பாதி வேற, பாதிக்கு மேல வேற.”

“சார், எஞ்சின் ஒரு இரும்பு சார். அது எதையும் வாங்கிட்டுப் போய்ச் சாப்பிடறதில்லை.”

“அதை நீங்க சொல்லக் கூடாது. அதுதான் சொல்லணும். ஒருத்தரோட உரிமையை அவர் இல்லாதப்போ நாம முடிவு பண்ணிட்டா நாளைக்கு அந்த நாட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? நாளைக் காலையில பத்து மணிக்கு விசாரணை. எஞ்சினை நேர்ல ஆஜர் பண்ணுங்க.”

“மீன் சார்...”

“மீனைப் பத்தி அப்புறம். இது பிறப்பிட இயக்ககம். இங்க யாரும் மீனைப் பத்திப் பேசறதில்லை.”

மறுநாள் காலையில் மனைவி கைவண்டியில் ஐஸ் கட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சந்தைக்கு வெளியே நடைபாதையில் மீன் விற்பவர் அவர். கணவர் இறக்கும் மீனைத்தான் விற்பார். இரண்டு நாளாக வெறும் பலகை.

“ஏங்க, எஞ்சினைக் கழட்டறீங்களாமே? பழுதா?”

“விசாரணை.”

“அது என்ன பண்ணிச்சு?”

“பாகம் வாங்கியிருக்கு.”

மனைவி அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “நாலு நாள் வெயில்ல நின்னீங்களே, தொப்பி போட்டீங்களா?”

எஞ்சினைக் கழற்றுவதற்கே இரண்டு மணி நேரம் பிடித்தது. அதைக் கட்டையில் கட்டி நான்கு பேரும் தூக்கி வந்தார்கள். மின்தூக்கியின் வாசலில் ‘நான்கு நபர்கள் மட்டும்’ என்று எழுதியிருந்தது. மின்தூக்கிக்காரர் விரல்விட்டு எண்ணினார்.

“நீங்க நாலு பேர். இது அஞ்சாவது.”

“இது எஞ்சின்ப்பா,” என்றான் மச்சான்.

“இதுக்கு மேலயிருந்து நுழைவுச்சீட்டு வந்திருக்கு. நுழைவுச்சீட்டு வந்தா நபர்தான். ஒருத்தர் படியில வாங்க.”

அப்படியே மச்சான் படியில் ஏறினான். எஞ்சின் மின்தூக்கியில் போனது.

விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். எஞ்சினுக்கு நாற்காலி போட்டார்கள். அது தாங்காது என்று தெரிந்ததும் தரையில் விரிப்பு விரித்தார்கள். விரிப்பில் எண்ணெய் வழிந்தது. நான்கு மீனவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

துணை இயக்குநர் எஞ்சினைப் பார்த்துத் தொடங்கினார். “இந்த நாட்டுக்கு எப்ப வந்தீங்க?”

மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார். எஞ்சின் பதில் சொல்லவில்லை.

“பதினோரு வருஷம் ஆகுது சார்,” என்றார் படகுக்காரர்.

“பதினோரு வருஷம் இடைவிடாம இருந்தா உள்நாட்டுத் தகுதி குடுக்க வழி இருக்கு. இடைவிடாம இருந்துச்சா?”

படகுக்காரரின் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. “இருந்துச்சு சார்! ஒரு நாள்கூட என்னைவிட்டுப் பிரியல. தினம் என்னோட கடலுக்கு வரும், போகும்...”

“எவ்வளவு தூரம்?”

“மீன் இருக்கற தூரம்.”

“எல்லை தாண்டியா?”

“சில நாள் தாண்டியும் போவோம்.”

“அப்போ வெளிய போயிட்டுப் போயிட்டு வந்திருக்கு. ஒவ்வொரு தடவை வரும்போதும் புதுசா வந்ததா கணக்கு. நேத்துக் காலையிலதான் வந்திருக்கு.” அவர் எழுதிக்கொண்டார். “தன் ரெண்டு பாகத்தை விட்டுக்குடுக்கச் சம்மதமான்னு கேளுங்க.”

மொழிபெயர்ப்பாளர் குனிந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, கேட்டார். விரிப்பில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வழிந்தது.

“சார்,” என்றார் படகுக்காரர். “எதிர்த்தாப்புல நிக்குதே அந்தக் கப்பல், அதோட எஞ்சின் எந்த நாடு?”

துணை இயக்குநருக்கு முகம் சிவந்தது. அதன் பிறகு அவர் பேசியதை உதவியாளர் குறிப்பில் எழுதியிருக்கிறார், அப்படியே தருகிறேன்.

“இதுதான், இதுதான் உங்ககிட்ட இருக்கற குறை. நாங்க யாருக்காக ராப்பகலா உழைக்கிறோம்? மீனவருக்காக. நூத்தி இருபது பேர் இந்தக் கட்டடத்துல மீனவருக்காக உழைக்கிறோம். போன வருஷம் ஆயிரம் படகு இருந்துச்சு. இந்த வருஷம் முன்னூறு. ஆள் குறையக் குறைய ஒவ்வொருத்தர் மேலயும் எங்களால கூடுதல் கவனம் செலுத்த முடியுது. இன்னும் கொஞ்சம் குறைஞ்சா ஒரு மீனவருக்கு ஒரு அதிகாரின்னு ஆக்கிடலாம். இப்படிப்பட்ட சேவை எந்த நாட்டுல இருக்கு? நீங்க என்னடான்னா, விருந்தாளியோட கப்பலைப் பார்த்து எஞ்சின் எந்த நாடுன்னு கேக்கறீங்க!”

பிறகு தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். சம்மதமும் சொல்லாமல் மறுப்பும் சொல்லாமல் இருப்பதால் எஞ்சின் இயக்ககத்தின் பாதுகாப்பில் இருக்கும். வலையும் அப்படியே. இரண்டும் படகைவிட்டு வெளியேறியதாகக் கருதப்படும். மீதியிருக்கும் பாகம் ஐந்து. அந்த ஐந்தும் உள்நாட்டாருடையது. எனவே இந்தப் படகு நூற்றுக்கு நூறு உள்நாட்டுப் படகு.

நூற்றுக்கு நூறு! இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு படகு கிடைத்ததில்லை. மற்ற படகுகளில் ஏதாவது ஒரு திருகாணியாவது வெளிநாட்டதாக இருந்தது. துணை இயக்குநர் எழுந்து வந்து படகுக்காரரின் கையைக் குலுக்கினார்.

“சான்றைக் குடுத்துடுங்க சார், மீனை இறக்கிடறேன்.”

“என்ன இப்படிச் சாதாரணமா கேக்கறீங்க? இதை அமைச்சர்தான் குடுக்கணும். நாளை மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு. அதுவரைக்கும் மீன் பத்திரம். அது இப்ப நாட்டோட கௌரவம்.”

மூன்றாம் நாள் முழுவதும் மனைவி நான்கு முறை ஐஸ் கொண்டுவந்தார். படகுக்காரர் ஒரே ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. கண் இன்னும் குழியவில்லை. நாளைக் காலை ஒன்பது மணி என்றால் தப்பிவிடும்.

அமைச்சர் பன்னிரண்டரை மணிக்கு வந்தார். பந்தல் மேடைக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள். புகைப்படக்காரர்கள் மீன் தெரிய வேண்டும் என்றார்கள். இரண்டு ஊழியர்கள் படகில் இறங்கி ஐஸ் அறையின் மூடியைக் கழற்றிக் கரையில் வைத்தார்கள். ஐஸ் மறைக்கிறது என்று மேலிருந்த ஐஸை வாரித் தண்ணீரில் கொட்டினார்கள். உச்சி வெயில் நேராக அறைக்குள் இறங்கியது.

“மூடிடுங்க சார், படம் எடுத்ததும் மூடிடுங்க,” என்று படகுக்காரர் மேடையின் ஓரத்திலிருந்து கெஞ்சினார்.

“உஷ். அமைச்சர் பேசப் போறார்.”

அமைச்சர் பேசினார். “அன்பார்ந்த மீனவப் பெருமக்களே! இந்த ஒப்பந்தத்தை நான் முழுவதும் படித்தேன் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை முழுவதும் படித்தேன். இந்த ஒப்பந்தத்தால் மீனவர் வாழ்வு போய்விடும் என்கிறார்கள். நான் கேட்கிறேன், மீனவர் வாழ்வு என்ன வாழ்வு? அலை, வெயில், ஆபத்து! அந்த ஆபத்தை இன்று நம் நண்பர்களின் கப்பல்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நம் கடலில் அவர்கள் பாடுபடுகிறார்கள்; நம் மீனவர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்! இதோ இந்தப் படகைப் பாருங்கள். அந்நியப் பொருள் எதுவும் இல்லை. எஞ்சின் இல்லை! வலை இல்லை! தூய்மையான படகு! இப்படி ஒவ்வொரு படகும் ஆகும் நாளே என் கனவு!”

அதிகாரிகள் கைதட்டினார்கள். பேச்சு ஒன்றரை மணி நேரம் நடந்தது. முதல் அரை மணி நேரத்தில் படகுக்காரர் மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: “மூடியைப் போடுங்கடா பாவிங்களா!” அதை வாழ்த்து முழக்கம் என்று நினைத்த அமைச்சர் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்து முடித்தபோது வாடை மேடைவரை வந்துவிட்டது. அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். சுகாதார ஆய்வாளர் படகில் இறங்கி, ஒரு மீனை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. உள்நாட்டு மீன் என்று சான்று கிடைத்துவிட்டதால் அது இப்போது உள்நாட்டுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வருகிறது என்றும், அந்தச் சட்டப்படி இதைக் குழியில் கொட்ட வேண்டும் என்றும் அவர் பணிவோடு தெரிவித்தார். கொட்டினார்கள். மச்சான் ஒரு மண்வெட்டி மண்ணை அதன் மேல் போட்டுவிட்டுக் குழியோரம் உட்கார்ந்தான்.

அன்று மாலை வீட்டில் மனைவி அந்தச் சான்றிதழை வரி வரியாகப் படித்தார். பிறகு அதோடு கொடுத்திருந்த விதிப் புத்தகத்தைப் படித்தார். விற்பனை செய்பவர்களுக்கு எதிராளியின் பேச்சில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

“ஏங்க, பாதிக்கு மேல நம்ம ஆளுங்ககிட்ட இருந்தா உள்நாட்டுப் படகு. பாதிக்கு மேல கூட்டாளி நாட்டுக்காரங்ககிட்ட இருந்தா?”

“அப்போ அவங்க நாட்டுப் படகு. ஒப்பந்தத்தோட கப்பல் பட்டியல்ல சேர்த்துடுவாங்க. எதுவும் கேக்காம மீனை இறக்கலாம்.”

“படகோட ஒரு பாகத்தையும் எஞ்சினுக்கே எழுதிக் குடுங்க. எஞ்சினுக்கு மூணு, வலைக்கு மூணு. ஆறாச்சு.”

படகுக்காரர் சிரிக்கவில்லை. “அது இரும்புடி.”

“அதைப் போய் அவர்கிட்ட சொல்லிப் பாருங்க. அவர்தான் அதை விரிப்புல உட்கார வச்சு விசாரிச்சவர்.”

துணை இயக்குநரால் மறுக்க முடியவில்லை. எஞ்சின் உரிமையாளர்தான் என்று அவரே தன் கையால் எழுதியிருந்தார். சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு எஞ்சினையும் வலையையும் விடுவித்தார். உதவியாளர் ஓடிவந்து நான்கு பேருக்கும் நாற்காலி போட்டார். தேநீர் வந்தது. இத்தனை நாளில் அந்த மாடியில் யாரும் அவர்களை ‘உட்காருங்க’ என்று சொன்னது அதுதான் முதல் முறை.

அடுத்த வாரம் படகு போய் வந்தது. நல்ல மீன்பாடு, ஐஸ் அறை நிறையச் சூரை. ஆலைக் கப்பலுக்குப் பக்கத்திலேயே கட்ட இடம் கொடுத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கூடை கூடையாக மீன் கரையேறியது. வாயில் அகலத் திறந்திருக்க, மனைவியின் கைவண்டி முதல் ஆளாக வெளியே போனது. பின்னாலேயே படகுக்காரர் துண்டால் கையைத் துடைத்தபடி நடந்தார். காவலர் குறுக்கே கையை நீட்டினார்.

“மாமா, மீன் போகலாம். நீங்க போக முடியாது.”

“ஏன்?”

“நீங்க இப்ப வெளிநாட்டுப் படகுல வந்த ஆளு. வெளிநாட்டுக் கப்பல் ஆளுங்க வேலியைத் தாண்டக் கூடாது. நுழைவு அனுமதி வேணும்.”

“எங்க வாங்கறது?”

அக்கா மகன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “அவங்க ஊர்ல நம்ம தூதரகம் இருக்காம். அங்க போய் விண்ணப்பிக்கணும்.”

“என் வீடு அதோ தெரியுதுடா. நீல ஜன்னல். போன மாசம் அங்கதான் உக்காந்து சாப்பிட்டே.”

“தெரியும் மாமா. திட்டாதீங்க. அத்தை, நீங்களாவது சொல்லுங்க.”

மனைவி வண்டியை நிறுத்திவிட்டு வேலிக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கணவர். விதிப் புத்தகத்தில் பட்டியலில் சேர்க்கும் பக்கம்வரை படித்தவர், அடுத்த பக்கத்தைப் படித்திருக்கவில்லை. வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீ போ,” என்றார் படகுக்காரர். “வெயில் ஏறுது. மீன் கெட்டுடும்.”

“நீங்க?”

“நான் கெடமாட்டேன். போ.”

மனைவி வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்தைத் தெருவுக்குள் திரும்பும்வரை படகுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வேலி நெடுகிலும் ஆலைக் கப்பலின் ஆட்கள் கம்பியைப் பிடித்தபடி தெருவையே பார்த்து நின்றிருந்தார்கள். அவர்கள் வந்த நாளிலிருந்து அப்படித்தான் நிற்கிறார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அவர்களில் ஒருவன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவரும் நிற்கும்படி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான்.